நெடுஞ்சாலை வேகமும் குறுக்கே கடப்பவர்களும்

கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கல்வராயன் மலைமீது வெள்ளிமலையை நோக்கி ஏறும் பஸ்ஸில் முன்னிருக்கையில் அமர்ந்து பிரயாணம் செய்தவர்களுக்கு ஒரு விஷயம் யாரும் சொல்லாமலே விளங்கியிருக்கும். கொண்டை ஊசி வளைவு முழுதாகக் கண்ணில் படுவதற்கு முன்பே டிரைவரின் இடக்கை கியர் கம்பிக்குப் போய்விடுகிறது. ஹாரன் நீளமாக ஒலிக்கிறது. எதிரே மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளுடன் லாரி இறங்கி வருமானால், ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று இடங்கொடுக்கிறது. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது மலைச்சாலை டிரைவர்கள் தமக்குப் பின்னால் தொழிலுக்கு வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முதற்பாடம். கொண்டை ஊசி வளைவை வடிவமைக்கும் பொறியாளர்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் என்ற அளவையே அடிப்படையாகக் கொள்கிறார்கள். சட்டப் புத்தகத்திலுள்ள பொது வரம்பு அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தாலும், அந்த எண்ணை நம்பி அங்கே யாரும் வண்டி ஓட்டுவதில்லை. ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் பள்ளமும் நின்று வேகத்துக்கு எல்லை வகுக்கும்போது, அறிவிப்புப் பலகைக்கு அங்கே வேலை குறைவு.

மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வந்து, தியாகதுருகம் வழியாக உளுந்தூர்ப்பேட்டைக்கோ சின்னசேலம் வழியாகச் சேலத்துக்கோ போகும் தேசிய நெடுஞ்சாலையில் ஏறியவுடன் அந்த எல்லை மறைந்துவிடுகிறது. முன்பு 68 என்றும் இப்போது 79 என்றும் எண்ணிடப்பட்ட இந்தச் சாலை, திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையினின்று உளுந்தூர்ப்பேட்டையில் பிரிந்து, சற்றேறக்குறைய 135 கிலோமீட்டர் மேற்கே ஓடிச் சேலத்தை அடைகிறது. நடுவே பிரிப்புச் சுவர், இரு பக்கமும் இரண்டிரண்டு தடங்கள், கண்ணுக்கெட்டிய தூரம் நேர்கோடு. மலையில் இருபதில் வந்த அதே டிரைவரின் கால், அவர் அறியாமலே, இங்கே அழுந்தத் தொடங்குகிறது. ஆனால் இந்தச் சாலையில் ஓடுபவை கார்களும் சொகுசுப் பஸ்களும் மட்டுமல்ல. அறுவடைக் காலத்தில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், பின்விளக்கு கரும்புத் தோகையில் மறைந்துபோக, இரவில் மணிக்குப் பதினைந்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கின்றன. ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போகிறது. பால் கேன் தொங்கும் மொபெட், ஷேர் ஆட்டோ, பள்ளிவிட்டு வரும் சைக்கிள்கள், பிரிப்புச் சுவரின் அடுத்த திறப்புவரை சுற்றிப் போகச் சலித்து ராங் சைடில் வரும் மோட்டார் சைக்கிள், ஆட்டு மந்தை ஆகிய அனைத்துக்கும் இதுவே வழி. ஏனெனில் பல கிராமங்களுக்கு வேறு வழி இல்லை. இத்தகைய சாலையில் இப்போதுள்ள வேக வரம்பைக் குறைக்கலாமா, குறைத்தால் என்ன லாபம், என்ன நஷ்டம் என்பதே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

சட்டத்தின் நிலையை முதலில் சொல்லிவிடுவது நல்லது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, உச்ச வேகத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. அதன்படி 2018 ஏப்ரலில் வெளியான அறிவிக்கை, கார்களுக்கு விரைவுச் சாலையில் 120, பிரிப்புடைய நான்குவழிச் சாலையில் 100, மற்றச் சாலைகளில் 70 கிலோமீட்டர் என்றும், சரக்கு வாகனங்களுக்கு முதலிரண்டிலும் 80, மற்றவற்றில் 60 என்றும் வரம்பு வகுத்தது. சாலை விபத்தில் நிரந்தர ஊனமுற்ற ஒருவரின் இழப்பீட்டு வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் என். கிருபாகரனும் டி.வி. தமிழ்ச்செல்வியும், 2021ஆம் ஆண்டில் இந்த அறிவிக்கையை ரத்து செய்தார்கள். எஞ்சின் நுட்பமும் சாலைகளின் தரமும் உயர்ந்துவிட்டதால் வேகத்தையும் உயர்த்தலாம் என்பது மத்திய அரசின் வாதம். வேகமே விபத்துக்கு முதற்காரணமாயிருக்கையில் வரம்பை உயர்த்துவது மரணத்தைப் பெருக்குவதாகும் என்பது நீதிமன்றத்தின் கருத்து. இரண்டு வாதங்களில் எது நம் சாலைக்குப் பொருந்துகிறது என்று நிதானமாகப் பார்க்கவேண்டும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள் நடந்தன. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். இறந்தவர்கள் 17,884 பேர். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் ஏறக்குறைய 2 சதவீதமே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் 36 சதவீத மரணங்கள் நேர்ந்தன. மாண்டவர்களில் 71 சதவீதத்தினரின் முடிவுக்கு அதிவேகமே காரணமென்று பதிவாகியிருக்கிறது. இந்தக் கடைசி எண்ணை நான் அப்படியே ஏற்பதில்லை. சம்பவ ஸ்தலத்துக்கு வரும் காவலர் நிரப்பும் படிவத்தில் ‘அதிவேகம்’ என்பது எல்லாவற்றையும் அடக்கிக்கொள்ளும் ஒரு பை. விளக்கில்லாத டிராக்டரும், தப்பான இடத்தில் வெட்டப்பட்ட திறப்பும், பதினாறு மணி நேரம் தூங்காத டிரைவரும் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோவதுண்டு. ஆகவே வரம்பைக் குறைக்கவேண்டுமென்று சொல்பவர்கள் இந்த எண்ணை மட்டும் காட்டி வாதத்தை முடித்துவிடலாகாது.

எண்ணைக் காட்டிலும் உறுதியான சான்று பௌதிக சாஸ்திரத்தில் கிடைக்கிறது. அபாயத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க டிரைவருக்கு ஒரு விநாடி ஆகிறதென்றும், தார் காய்ந்திருக்கிறதென்றும் கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஏறக்குறைய 57 மீட்டரில் நின்றுவிடுகிறது. 100இல் வரும் கார் நிற்பதற்கு 83 மீட்டர் வேண்டும். இதில் பலர் எண்ணிப் பாராத ஒன்று உண்டு: முதற்கார் அசையாமல் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாம் கார் தாண்டும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 68 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. வேகமானி முள்ளில் இருபது கிலோமீட்டர் வித்தியாசம், குறுக்கே நிற்பவருக்கு, பயந்து வீட்டுக்குப் போவதற்கும் வீட்டுக்குப் போகாமலே இருப்பதற்கும் உள்ள வித்தியாசமாகிவிடுகிறது.

தியாகதுருகத்துக்குச் சமீபத்தில், பிரிப்புச் சுவரில் விடப்பட்ட ஒரு திறப்பருகே, ஒரு நாள் மாலை மங்கும் வேளையில் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். தலையில் புல்லுக்கட்டுடன் ஒரு மூதாட்டி சாலையோரம் வந்து நின்றார். கட்டின் பாரத்தால் கழுத்தைத் திருப்ப முடியாததால், உடம்பையே திருப்பி வலப்புறம் பார்த்தார். தொலைவில் இரண்டு விளக்குகள். அவை லாரியினுடையவையா காரினுடையவையா என்று அந்த வெளிச்சத்தில் எனக்கே தெரியவில்லை. ஒரு பக்கத்துத் தார்ப்பரப்பின் அகலம் ஏழு மீட்டர். அவர் நடையில் அதைக் கடக்க ஆறு விநாடிக்குக் குறையாது. அந்த ஆறு விநாடியில் 100இல் வரும் வாகனம் 167 மீட்டரும், 80இல் வருவது 133 மீட்டரும், 60இல் வருவது 100 மீட்டரும் ஓடிவிடும். விளக்குகள் இருநூறு மீட்டரில் இருக்கின்றனவா நூற்றைம்பதிலா என்பதை இருட்டில் ஊகிக்கும் பொறுப்பு முழுவதும் அந்த அம்மாளின் தலைமேல் புல்லுக்கட்டோடு சேர்த்து ஏற்றப்பட்டிருக்கிறது. அவர் இரண்டு முறை காலெடுத்து வைத்துப் பின்வாங்கி, மூன்றாம் முறை கடந்து, நடுப்பிரிப்பை அடைந்து, மறு பக்கத்துக்காக மீண்டும் நின்றார்.

வரம்பைக் குறைப்பதற்கு எதிரான வாதங்களை அலட்சியப்படுத்துவது நியாயமாகாது. அவற்றில் சாரமுள்ளவை உண்டு. முதலாவது காலம். உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் வரை 100இல் ஓயாமல் ஓடினால் 81 நிமிஷம். 80இல் 101 நிமிஷம். இருபது நிமிஷம் அற்பமென்று சொல்பவர், நாள்தோறும் அந்த வழியே ஆயிரக்கணக்கில் போகிறவர்களின் இருபது நிமிஷங்களைக் கூட்டிப் பார்க்கவேண்டும். வாடகைக் கார் டிரைவருக்கு அது கூலி. ஆனால் இந்த நஷ்டம் கணக்கில் தோன்றுமளவு நடப்பில் இல்லை. சரக்கு லாரிகளுக்கு வரம்பு முன்பே 80தான்; புதிய லாரிகளில் அதற்குமேல் போகவிடாத கருவியும் பொருத்தப்படுகிறது; காய்கறி, அரிசி, கிழங்கு எதுவும் இந்த மாற்றத்தால் ஒரு நிமிஷங்கூடத் தாமதமாகாது. கார்களும் சுங்கச்சாவடியிலும் ஊர்த் திறப்புகளிலும் நின்றும் தயங்கியுமே போகின்றன. நோயாளியைக் கொண்டுசெல்லும் ஆம்புலன்சின் கதி என்னாகும் என்று கேட்பவர்களுக்கு, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பற்றிய விதியிலேயே ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் விலக்கு உண்டென்பதைச் சொல்லலாம். எரிபொருளும் ஒரு லாபம்: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப உயருவதால், நூறிலிருந்து எண்பதுக்கு இறங்கும்போது அந்த எதிர்ப்பை வெல்லச் செலவாகும் சக்தி கிலோமீட்டருக்கு மூன்றிலொரு பங்குக்குமேல் குறைகிறது.

இரண்டாம் வாதம் இதைவிடக் கூர்மையானது. அதற்குச் சற்று விரிவாகவே இடங்கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் டேவிட் சாலமன் 1964இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சராசரி வேகத்தைவிட மிக விரைந்து போகிறவர்கள் மட்டுமல்ல, மிக மெதுவாகப் போகிறவர்களும் அதிகமாக விபத்துக்குள்ளாகிறார்கள் என்று கண்டார். சார்ல்ஸ் லேவ் என்ற பொருளியலறிஞர் 1985இல் இன்னும் ஒரு படி மேலே போய், கொல்வது வேகமன்று, வாகனங்களுக்கிடையேயுள்ள வேக வித்தியாசமே என்று வாதித்தார். பலகையில் எண்ணைக் குறைத்தால் சட்டத்துக்கு அஞ்சுகிறவர் மெதுவாகப் போவார், அஞ்சாதவர் முன்போலவே பறப்பார், இடையிலுள்ள வித்தியாசம் பெருகும், அபாயமும் பெருகும் என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவு. நேர்த்தியான தர்க்கம்தான். ஆனால் இதைச் சின்னசேலத்துக்குக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். அமெரிக்க நெடுஞ்சாலையில் ஓடுபவை ஏறக்குறைய ஒரே ஜாதி வாகனங்கள். அங்கே வித்தியாசம் டிரைவரின் மனப்போக்கால் பிறக்கிறது. நம் சாலையில் அது வாகனத்தின் பிறவியிலேயே இருக்கிறது. கரும்பு டிராக்டரை எந்தச் சட்டமும் எண்பதில் ஓடச் செய்ய முடியாது. லாரிக்கு 80, காருக்கு 100 என்று எழுதும்போது சட்டமே இருபது கிலோமீட்டர் வித்தியாசத்தைக் கட்டாயப்படுத்தி, ஒவ்வொரு காரும் ஒவ்வொரு லாரியையும் முந்தவேண்டிய நிலையை உண்டாக்குகிறது. மெதுவாகப் போகிறவற்றை விரையச் செய்ய வழியில்லாதபோது, விரைகிறவற்றை நிதானப்படுத்துவதொன்றே வித்தியாசத்தைக் குறைக்கும். ஆகையால் வரம்பைக் குறைப்பதற்கு எதிராகச் சொல்லப்பட்ட லேவின் தர்க்கமே, நம் நாட்டுச் சாலையில் அதற்குச் சாதகமான மிகச் சிறந்த தர்க்கமாகிறது.

பிற நாடுகளின் அநுபவத்தில் இரண்டைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். எண்ணெய் நெருக்கடியின்போது, எரிபொருளைச் சேமிக்கவேண்டி, அமெரிக்கா 1974இல் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் என்று வரம்பு வகுத்தது; முந்தைய ஆண்டில் 54,000 அளவிலிருந்த சாலை மரணங்கள் அவ்வாண்டில் 45,000 அளவுக்கு இறங்கின. பெட்ரோல் தட்டுப்பாட்டால் பிரயாணமே குறைந்ததும் இதற்கு ஒரு காரணம். அதைக் கழித்துப் பார்த்த பிறகும் ஆண்டுக்கு 2,000 முதல் 4,000 உயிர்கள் வரம்பினால் காப்பாற்றப்பட்டனவென்று 1984இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆயினும் ஜனங்களின் வெறுப்பு வளர்ந்து, 1995இல் அந்தச் சட்டம் எடுபட்டுப்போயிற்று. பிரான்ஸ், நடுப்பிரிப்பில்லாத இருவழிச் சாலைகளில் 2018 ஜூலை முதல் 90ஐ 80 ஆக்கியது. இருபது மாத காலத்தில் சுமார் 350 பேர் பிழைத்ததாகவும், பிரயாண நேரம் கிலோமீட்டருக்கு ஒரு விநாடி அளவே கூடியதாகவும் மதிப்பீடு சொல்லிற்று. அப்படியிருந்தும் கிராமத்து ஜனங்கள் கொதித்தெழுந்து வேகப் பதிவுக் கருவிகளை உடைத்தார்கள். பின்னர்ச் சில மாவட்டங்கள் பழைய வரம்புக்கே திரும்பின. உயிர்கள் மிஞ்சும் என்பது இந்த இரண்டு அநுபவங்களிலிருந்தும் தெரிகிறது. காரணத்தை விளங்கவைக்காமல் மேலிருந்து திணித்தால் நிலைக்காது என்பதும் தெரிகிறது.

ஸ்வீடன் தேசத்து யோரன் நில்சன் வேகத்துக்கும் மரணத்துக்கும் உள்ள சம்பந்தத்தை ஒரு சூத்திரமாக்கிக் காட்டினார்: சராசரி வேகம் மாறும் விகிதத்தின் நான்காம் மடிக்கேற்ப மரண விபத்து மாறுகிறது. வேகம் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே மரணங்கள் நூற்றுக்குப் பதினெட்டு அளவில் குறையலாம். பெரிய லாபத்துக்குப் பெரிய தியாகம் வேண்டியதில்லை என்பதே இச்சூத்திரத்தின் பொருள்.

ஆனால் பலகையை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தச் சாலையின் சொந்தச் சரித்திரமே அதற்கு எச்சரிக்கை. இது நான்குவழியாக்கப்பட்டபோது ஊர்களைச் சுற்றிச் செல்லும் பைபாஸ்கள் மட்டும் நெடுங்காலம் இருவழியாகவே விடப்பட்டிருந்தன. நான்குவழியில் நூறில் வந்த வாகனம், பிரிப்புச் சுவர் முடிந்ததைக் கவனிப்பதற்குள், எதிரே வரும் விளக்குகளுக்கு நேராகப் போய் நின்றது. அங்கே எச்சரிக்கைப் பலகைகள் இல்லாமலில்லை. ஆனால் பலகை ஒன்றைச் சொன்னது, சாலை வேறொன்றைச் சொன்னது. டிரைவர் சாலை சொன்னதையே கேட்டார். நேர்முக மோதல்கள் மிகுந்து, பைபாஸ்களை அகலப்படுத்தும் வேலை பின்னரே எடுக்கப்பட்டது. அகலப்படுத்தியதில் நேர்முக மோதலின் அபாயம் குறைகிறது. ஆனால் கூடுதலாகக் கிடைக்கும் பத்திரம் முழுவதையும் டிரைவர்கள் வேகமாக மாற்றிக்கொண்டுவிட்டால், குறுக்கே கடப்பவருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

ஆகவே மலைச்சாலை தன் உடலமைப்பால் செய்வதைச் சமவெளிச் சாலையும் ஓரளவு செய்யவேண்டும். திறப்புக்கு முன்னூறு மீட்டர் முன்பிருந்தே குறுக்குக் கோடுகள், பளிச்சென்ற விளக்கு, தடம் குறுகுவதுபோன்ற தோற்றம், சர்வீஸ் ரோடு, அது இல்லாத கிராமத்துக்குச் சுரங்கப்பாதை ஆகியவை இருந்தால் வேகம் தானாகவே தணியும். போலீஸார் சாலையில் பாரிகேட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து இன்று செய்வதும் இதுவே. அவசரத்துக்கு உதவும் யுக்தி, ஆனால் இரவில் விளக்கில்லாத பாரிகேட்டே ஒரு அபாயமாகிவிடுவதுண்டு. அபராதத்தைக் கை மாற்றிக்கொள்ளும் வழக்கம் வளரும் என்ற அச்சத்துக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வகை செய்துள்ள கேமராக் கண்காணிப்பே மாற்று. இயந்திரத்துக்கு முகதாட்சண்யம் இல்லை. அதே திருத்தம், சாலையை முறைப்படி அமைக்கத் தவறியதால் உயிர்ச்சேதம் நேர்ந்தால் ஒப்பந்தக்காரருக்கும் பொறுப்பதிகாரிக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இடமளிக்கிறது. டிரைவரை மட்டும் குற்றவாளியாக்காமல் சாலையையும் கூண்டிலேற்றும் இந்தப் பிரிவு இன்னும் அதிகமாகப் பயன்படுத்தப்படவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

லாபநஷ்டக் கணக்குப் போடுகிறவர்கள் வழக்கமாக எல்லோருடைய லாபத்தையும் ஒரு பக்கம், எல்லோருடைய நஷ்டத்தையும் மறு பக்கம் கூட்டி, மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அந்த முறையில் ஒரு பெரிய அநியாயம் மறைந்துவிடுகிறது. சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்குப் போகும் காருக்குக் கிடைப்பது நேரம். அதற்காகப் பிராணனைப் பணயம் வைப்பவர் அந்தக் காரில் இல்லை. அவர் எலவனாசூர்க்கோட்டையிலோ தியாகதுருகத்திலோ சாலையோரத்தில் நிற்கிறார். கல்வராயன் மலையிலிருந்து கூலி வேலைக்காகச் சரக்கு வண்டியில் நின்றபடி சமவெளிக்கு இறங்கும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு ஆசனமும் இல்லை, சீட் பெல்டும் இல்லை. வண்டி மோதினால் காரிலிருப்பவரைக் காக்கும் காற்றுப்பையும் இல்லை. விபத்து நேர்ந்தால், கள்ளக்குறிச்சியில் மருத்துவக் கல்லூரி வரும்வரையில், படுகாயமடைந்தவரை முண்டியம்பாக்கத்துக்கோ சேலத்துக்கோ கொண்டுபோக வேண்டியிருந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது பெரும் உபகாரம். ஆனால் கூலிக்காரரின் கால் போனபிறகு அவர் குடும்பம் சுமக்கும் வருஷங்களுக்கு அந்த 48 மணி நேரம் ஈடாகாது. ஒருவருடைய சௌகரியத்துக்கு மற்றொருவர் உயிரால் விலை கொடுக்கும் ஏற்பாட்டை, மொத்தக் கணக்கில் மிச்சம் நிற்கிறது என்பதற்காக நியாயமென்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

எனவே என் தீர்மானம் இது. திறப்பில்லாமல், இருபுறமும் வேலியிட்டு, சர்வீஸ் ரோடு முழுமையாக உள்ள நீளங்களில் நூறு இருக்கட்டும். கிராமங்கள் சாலையைக் குறுக்கே கடக்கும் நீளங்களில் கார், பஸ், லாரி எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணாக 80 இருக்கவேண்டும். திறப்புகளிலும் பைபாஸ் சந்திப்புகளிலும் 60. இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. அதே 112ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்பையோ சாலையின் தன்மையையோ முன்னிட்டு, குறிப்பிட்ட ஒரு சாலைக்குக் குறைந்த வரம்பை அறிவிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கும் அது அதிகாரமளிக்கும் அதிகாரிக்கும் ஏற்கனவே தந்திருக்கிறது. 2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் நிர்வாகம், நெடுஞ்சாலை அதிகாரிகளையும் போலீஸாரையும் கூட்டிக்கொண்டு, ஒவ்வொரு திறப்பிலும் மாலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் நின்று பார்த்து, அதன்பிறகு எண்ணை நிர்ணயிக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பைபாஸை நூறில் கடக்க மூன்று நிமிஷம் ஆகிறது. அறுபதில் கடக்க ஐந்து நிமிஷம் ஆகும்.